பாத்திரம் பார்த்துத்தான் மருந்து – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் காலாவதி தேதி பத்தி எழுதுனப்ப, மருந்து எவ்வளவு முக்கியமோ அது இருக்கிற பாட்டிலும் அவ்வளவு முக்கியம்னு ஒரே ஒரு வரி போட்டிருந்தேன், அந்த ஒரு வரியப் பிடிச்சுக்கிட்டு இத்தனை கடிதம் வரும்னு நான் எதிர்பாக்கல. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல மருந்துக் கம்பெனி லேப்ல பாட்டிலும் வயாலும் (ஊசி மருந்து அடைக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பி) டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருந்தவன் நான், இந்த விஷயத்தக் கேட்டா ரொம்ப நேரம் பேசுவேன், பொறுத்துக்கிட்டுப் படிங்க.

திருமங்கலம் வாசகர் ஒருத்தர்: அண்ணே, நானும் மச்சானும் சேர்ந்து கப்பலூர் பக்கம் சின்னதா ஒரு மருந்து யூனிட் போடலாம்னு இருக்கோம். முதல்ல சிரப், அப்புறம் லைசென்ஸ் கிடைச்சா பவுடர் ஊசி, கடைசியா திரவ ஊசி. பாட்டில் சப்ளையர் டைப் 1, டைப் 2, டைப் 3னு மூணு விலை கொடுத்தார். டைப் 1 தான் ஒசத்தி, எல்லாத்துக்கும் அதையே வாங்கிருங்கங்குறார். மச்சான் என்னன்னா, எல்லாம் கண்ணாடி தான, டைப் 3 போதும்ங்குறான். யார் சொல்றது சரி?

ரெண்டு பேர் சொல்றதும் சரியில்ல தம்பி. நம்ம வீட்டுல அப்பத்தா காலத்துல புளிக்குழம்ப ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்துல வைப்பாங்களா? வைக்க மாட்டாங்க. ஊறுகாய்னா ஜாடி, ரசம்னா ஈயச்சொம்பு, எந்தப் பண்டத்துக்கு எந்தப் பாத்திரம்னு அவங்களுக்குத் தெரியும். மருந்துக்கும் அதே கணக்குதான். கண்ணாடி ஒண்ணும் செய்யாது, கல்லு மாதிரி கிடக்கும்னு நாம நினைக்கிறோம்ல, அது தப்பு, தண்ணி கண்ணாடியக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னும், தின்னதத் தனக்குள்ளயே வச்சுக்கிரும்.

ஏன்னு சொல்றேன். கண்ணாடியோட அடிப்படை மணல், அதாவது சிலிக்கா. வெறும் சிலிக்காவ உருக்கணும்னா 1700 டிகிரி கிட்ட சூடு வேணும், அது கட்டுபடியாகாதுன்னு சோடா சேர்த்து உருகுற சூட்டக் குறைப்பாங்க. சோடா மட்டும் சேர்த்தா தண்ணியில கரைஞ்சுரும், அதனால சுண்ணாம்பு சேர்ப்பாங்க. இப்படி வர்றதுதான் சோடா லைம் கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி, சோடா பாட்டில், சிரப் பாட்டில் எல்லாம் இந்த வகைதான். இதுல நூத்துக்கு எழுபது எழுபத்தஞ்சு பங்கு சிலிக்கா, பன்னெண்டுல இருந்து பதினஞ்சு பங்கு சோடா. இந்த சோடாவுல இருக்கிற சோடியம்தான் வம்பு, அது கண்ணாடிக்குள்ள கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்காது, தண்ணி பட்டா மெதுவா நழுவி வெளிய வந்துரும், வந்தா தண்ணி காரத்தன்மையா மாறும், பிஎச், அதாவது அமிலமா காரமான்னு காட்டுற அளவு, ஏறும், சில மருந்துக்கு அந்த ஏத்தம் ஒத்துக்காது, உடைஞ்சு போகும், இல்லாட்டி கலங்கிப் போகும். இதுதான் டைப் 3.

டைப் 1ங்கிறது போரோசிலிகேட். சோடாவையும் சுண்ணாம்பையும் ரொம்பக் குறைச்சு, போரான் ஆக்சைடும் கொஞ்சம் அலுமினாவும் சேர்த்தது. போரான் சிலிக்காவோட கை கோத்துக்கிரும், அதனால சோடியம் சுலபத்துல வெளிய வராது. ஜெர்மனியில ஜெனா நகரத்துல ஓட்டோ ஷாட்ங்கிறவர் 1880கள்ல இந்தக் கண்ணாடிய உருவாக்கினார். அமெரிக்காவுல, ரயில்வே விளக்குல மழைத்தண்ணி பட்டதும் சூடான கண்ணாடி வெடிச்சுக்கிட்டே இருந்ததத் தடுக்க கார்னிங் கம்பெனி இதே மாதிரி கண்ணாடியில இறங்கி, அதுல இருந்துதான் 1915-ல பைரெக்ஸ் பாத்திரம் வந்துச்சு. சூட்டுக்கு அசையாதது தண்ணிக்கும் அசையாம இருந்தது மருந்துக்காரங்களுக்குக் கிடைச்ச பெரிய வரம்.

டைப் 2தான் பலபேருக்குப் புரியாது. அதுவும் டைப் 3 மாதிரி சோடா லைம்தான், ஆனா பாட்டில் சூடா இருக்கும்போதே உள்ள அம்மோனியம் சல்பேட் மாதிரி கந்தக உப்பப் போட்டு, மேல் தோல்ல இருக்கிற சோடியத்த மட்டும் வெளிய இழுத்துருவாங்க. உள்பக்கம் வெள்ளையா மங்கலா ஒரு படலம் நிக்கும், கழுவினா போயிரும். அதுக்கப்புறம் அந்த உள் தோல்ல இழுக்கிறதுக்கு சோடியம் பெருசா இருக்காது. ஈயம் பூசின பித்தளைன்னு வச்சுக்கங்க. பூச்சு இருக்கிற வரைக்கும் நல்ல பாத்திரம், தேய்ஞ்சா பழைய பித்தளைதான். அதனாலதான் டைப் 2 பாட்டில மறுபடி மறுபடி கழுவி, சூடு பண்ணி, திருப்பி மருந்து அடைக்கக் கூடாது.

இத நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல சீனியர் கெமிஸ்ட் ஒருத்தர் கண்ணு முன்னாடியே காமிச்சார். மூணு வகை பாட்டிலயும் எடுத்துக் கழுவி, சுத்தமான தண்ணி ஊத்தி, மூடி, ஆட்டோகிளேவ்ல, அதாவது அழுத்த நீராவியில சூடு பண்ற கலத்துல, 121 டிகிரியில ஒரு மணி நேரம் வச்சார். வெளிய எடுத்து ஆறவச்சு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சொட்டு மெத்தில் ரெட், அதாவது அமிலம் குறைஞ்சா சிவப்புல இருந்து மஞ்சளா மாறுற சாயம், விட்டார். டைப் 1 தண்ணி ஆரஞ்சும் சிவப்புமா, பழைய தண்ணி எப்படி இருந்துச்சோ கிட்டத்தட்ட அப்படியே நிக்குது. டைப் 3 தண்ணி மஞ்சளாயிருச்சு, நல்லா எலுமிச்சை மஞ்சள். பியூரெட்ல அமிலத்தச் சொட்டுச் சொட்டா விட்டு பழைய நிறத்துக்குக் கொண்டுவர எத்தனை மில்லி ஆகுதோ அதுதான் கண்ணாடி கக்கின காரம்னு சொன்னார். டைப் 2ம் டைப் 1 மாதிரியே நல்லா நின்னுச்சு, நான் அப்ப ரெண்டும் ஒண்ணுதானேன்னு கேட்டேன், அவர் பேசாம ரெண்டு பாட்டிலயும் ஒடைச்சு உரல்ல இடிச்சு சலிச்சு, அந்தக் கண்ணாடிக் குருணைய தண்ணியில போட்டு மறுபடி 121 டிகிரியில அரை மணி நேரம் வச்சார். இந்தத் தடவ டைப் 2 மாட்டிக்கிச்சு, இடிச்சதும் பூச்சு இல்லாத உள்பக்கம் வெளிய வந்துருச்சுல்ல. இந்த ரெண்டு டெஸ்ட்டையும் சேத்துப் பாத்துத்தான் ஃபார்மகோபியாவுல, அதாவது மருந்துத் தர விதிப் புத்தகத்துல, வகை பிரிக்கிறாங்க. அந்த மஞ்ச நிறம் இன்னமும் என் கண்ணுல நிக்குது.

இப்ப உங்க யூனிட்டுக்கு வருவோம். சிரப் வாய்வழி குடிக்கிறது, அதுக்கு டைப் 3 தாராளமாப் போதும், அங்க டைப் 1 வாங்குறது பணத்த வைகையில போடுறதுக்குச் சமம். பவுடர் ஊசி, அதாவது தண்ணி ஊத்திக் கலக்கி உடனே போடுற ஆன்டிபயாட்டிக் பவுடர், அதுக்கும் டைப் 3 வயால் அனுமதிதான், ஏன்னா கண்ணாடியோட தண்ணி சேர்ந்து இருக்கிறது கொஞ்ச நேரம்தான். எண்ணெயில கரைச்ச ஊசி மருந்துக்கும் அப்படியே. ஆனா உறைய வச்சுக் காயவச்ச பவுடர், லையோ பவுடர்ங்கிறாங்களே, அதுக்கு டைப் 3 கூடாது, அதுக்கு டைப் 1 எடுங்க. தண்ணியில கரைச்ச ஊசி மருந்து, பிஎச் 7 வரைக்கும், அமிலப் பக்கமோ நடுநிலையோ இருந்தா டைப் 2 நிக்கும், குளுக்கோஸ், சலைன் பெரிய பாட்டில் எல்லாம் அப்படித்தான் வந்துச்சு. பிஎச் 7க்கு மேல போற திரவ ஊசின்னா டைப் 1 தவிர வேற யோசனையே வேணாம்.

இன்னொண்ணு, இது சப்ளையர் சொல்ல மாட்டார். பாட்டில் சின்னதாக ஆக ஆபத்து கூடும். 500 மில்லி பாட்டில்ல உள்ள இருக்கிற தண்ணிக்கு கண்ணாடிச் சுவர் தொடுறது கொஞ்சம், 2 மில்லி ஆம்பூல்ல, அதாவது கழுத்த ஒடைச்சுத் தெறக்கிற குப்பியில, அதே தண்ணிக்குச் சுவர் தொடுறது ரொம்ப அதிகம். ஒரே கண்ணாடிதான், ஆனா சின்னதுல மருந்துக்குள்ள வந்து சேர்றது ஒரு மில்லிக்கு நெறைய. அதனால பெரிய பாட்டில்ல நல்லா நின்ன மருந்து சின்ன ஆம்பூல்லயும் நிக்கும்னு எழுதிக் குடுத்துறாதீங்க. நீங்க அடைக்கப் போற அதே வயால்ல, அதே ரப்பர் ஸ்டாப்பரோட, 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்துல ஆறு மாசம் வச்சுப் பாருங்க. மதுரை சித்திரை வெயில்ல குடோனுக்குள்ள என்ன சூடு இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

மதுரை, பி.ஃபார்ம் மூணாம் வருஷ மாணவி: சார், டைப் 1 வயால்ல கூட கண்ணாடி செதில் விழும்னு கிளாஸ்ல சொன்னாங்க. தண்ணிக்கே அசையாத கண்ணாடின்னா செதில் எப்படிம்மா விழும்னு எங்க அப்பா கேக்குறாரு, எனக்கும் பதில் தெரியல.

நல்ல கேள்விம்மா, அப்பாகிட்டயும் இதப் படிச்சுக் காமி. இது நான் நேர்ல பாத்த விஷயம், அந்தக் கம்பெனி பேரு வேணாம். நைட் ஷிப்ட். ஒன்பது மாசம் ஸ்டெபிலிட்டியில, அதாவது மருந்து கெடாம நிக்குதான்னு பாக்குற சோதனையில, இருந்த வயால்கள எடுத்து விளக்கு முன்னாடி கருப்பு போர்டுக்கு எதிர்ல வச்சு மெதுவாச் சுத்திப் பாத்துக்கிட்டு இருந்தோம். பத்து வயால் நல்லாருக்கு, பதினொண்ணாவதச் சுத்துனதும் அடியில இருந்து ஏதோ எந்திரிச்சு மினுங்குச்சு, தூசி மாதிரி இல்ல, அயிர மீன் கழுவுறப்ப தண்ணியில மிதக்கிற செதில் மாதிரி, மெல்லிசா, வளைஞ்சு, வெளிச்சத்துல ஒரு பக்கம் மின்னி மறுபக்கம் மறைஞ்சு போகும். முதல்ல ஸ்டாப்பர்ல இருந்து வந்துச்சோன்னு நெனச்சோம். வடிகட்டி மைக்ரோஸ்கோப்ல பாத்தா கண்ணாடி. அன்னைக்கு விடியிற வரைக்கும் யாரும் டீ குடிக்கக் கூடப் போகல.

எப்படி வந்துச்சுன்னா, டைப் 1 வயால் ரெண்டு விதமா செய்வாங்க. ஒண்ணு உருகுன கண்ணாடிய நேரா அச்சுல ஊதி வார்க்கிறது. இன்னொண்ணு நீளக் குழாய எடுத்து தீயில வாட்டி, கழுத்தப் பிடிச்சு, அடிய மூடி வெட்டுறது. இந்தக் குழாய் வயால்ல அடிப்பக்கம் மூடுறப்ப தீ ரொம்ப ஏறிட்டா, கண்ணாடியில இருக்கிற போரானும் சோடியமும் ஆவியாக் கெளம்பி, குளிர்ற எடத்துல, அதாவது அடிக்குக் கொஞ்சம் மேல சுவர்ல திரும்பப் படிஞ்சுரும். அந்த வளையத்துல கண்ணாடி நல்ல கண்ணாடி இல்ல, மேல் தோல் வேற, உள்ள வேற. அதுல காரப் பக்கம் பிஎச் உள்ள மருந்து, அதுலயும் பாஸ்பேட், சிட்ரேட் பஃபர் (பிஎச்ச நிலையா வைக்கிற உப்பு) சேத்தது, ஆட்டோகிளேவ் சூடு, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் நிக்கிற காலம் எல்லாம் சேர்ந்தா அந்தத் தோல் ஊறி, பொருக்கு விட்டு உரிய ஆரம்பிக்கும். மழைக்காலம் முடிஞ்சப்புறம் சுண்ணாம்படிச்ச சுவர் உரியுதுல்ல, அது மாதிரியே.

எங்க கேஸ்ல என்ன நடந்துச்சுன்னா, பர்ச்சேஸ்ல வயால் சப்ளையர மாத்தியிருந்தாங்க. சர்டிஃபிகேட்ல டைப் 1னுதான் இருந்துச்சு, டெஸ்ட்டும் பாஸ்தான், ஏன்னா குருணை டெஸ்ட் கண்ணாடியோட உடம்பப் பாக்கும், அந்த அடி வளையத்தப் பாக்காது. அந்த பேட்ச் வெளிய போகல, அது எங்க நல்ல நேரம். அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2011 மார்ச்லயே இந்தக் கண்ணாடிச் செதில் பத்தி எல்லாக் கம்பெனிக்கும் எச்சரிக்கை கொடுத்துச்சு, செதில் ரத்தத்துல போனா அடைப்பு, உடம்போட எதிர்வினை எல்லாம் வரக்கூடும்னு.

பரீட்சைக்கு ஒரு வரி கேட்டா, டைப் 1ங்கிறது தேர்வோட ஆரம்பம்தான், முடிவு இல்லன்னு எழுதும்மா. குழாய் வயாலா வார்ப்பு வயாலா, எந்தச் சூட்டுல உருவாக்குனது, மருந்தோட பிஎச் என்ன, பஃபர் என்ன, கடைசியில ஆட்டோகிளேவ் உண்டா, இத்தனையும் கேக்கணும். இப்ப உள்பக்கம் சிலிக்கா பூசுன வயாலும் வந்துருச்சு, 2017-ல கார்னிங் கம்பெனி போரானே இல்லாத வேலர்ங்கிற ஒரு புது மருந்துக் கண்ணாடிய வெளிய விட்டுச்சு. போரான் தான் ஆவியாகி வம்பு பண்ணுதுன்னா போரானே வேணாம்னு யோசிச்சவங்க, அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சது.

உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு பாட்டி (பேத்தி எழுதிக் கொடுத்தது): தம்பி, இருமல் மருந்து ஏன் எப்பவும் காப்பி கலர் பாட்டில்லயே வருது? காலியான பாட்டில்ல நான் விளக்கெண்ணெய் ஊத்தி வைக்கிறேன், பேத்தி கூடாதுங்குறா.

ஆத்தா, வெளிச்சம் சில மருந்துக்கு எதிரி. நம்ம கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவும், ஊதா, நீலப் பக்கத்து வெளிச்சமும் மருந்த உடைச்சுப் போடும். பி2 வைட்டமின், அந்த மஞ்சக் கலர் மாத்திரையில இருக்குமே, அது வெயில்ல வச்சா சீக்கிரமே வீரியம் போயிரும். கண்ணாடியில இரும்பும் கந்தகமும் சேத்தா இந்தக் காப்பி நிறம் வரும், இதத்தான் ஆம்பர்ங்கிறது. வாய்வழி மருந்து பாட்டில்னா 290-ல இருந்து 450 நானோமீட்டர் வரைக்கும் உள்ள வெளிச்சத்துல பத்து சதவீதத்துக்கு மேல உள்ள விடக் கூடாதுன்னு அமெரிக்க ஃபார்மகோபியாவுல கணக்கே இருக்கு. ஆனா காப்பி நிறம்னா நல்ல கண்ணாடின்னு அர்த்தம் இல்ல, டைப் 3லயும் ஆம்பர் உண்டு, டைப் 1லயும் ஆம்பர் உண்டு, நிறம் வேற வகை வேற.

விளக்கெண்ணெய் ஊத்துறதுல கண்ணாடிக்கு ஒண்ணும் இல்ல ஆத்தா. பேத்தி சொல்றது வேற காரணத்துக்குச் சரி. மேல இருமல் மருந்து லேபிள் ஒட்டியிருக்கு, ராத்திரி தூக்கக் கலக்கத்துல யாராவது எடுத்துப் பிள்ளைக்கு ஊத்திட்டா? லேபிளக் கிழிச்சுப் போட்டு, பெருசா விளக்கெண்ணெய்னு எழுதி ஒட்டுங்க. பேத்திக்கிட்டயே எழுதச் சொல்லுங்க, கையெழுத்து நல்லாருக்கு.

மேலூர், செவிலியர்: சார், கால்சியம் குளுக்கோனேட் ஊசி சில எடத்துல பிளாஸ்டிக் ஆம்பூல்ல வருது. கண்ணாடி தான எப்பவும் பாதுகாப்பு? அப்படியே ஆம்பூல் ஒடைக்கிறப்ப கண்ணாடித் தூள் உள்ள விழுமோன்னு எனக்கு ஒரு பயம் இருந்துக்கிட்டே இருக்கு.

கண்ணாடி எப்பவும் பாதுகாப்புன்னு சொல்ல முடியாதுங்க சிஸ்டர், அதுக்கு இந்த ஊசிதான் நல்ல உதாரணம். நான் மேல சொன்னேன்ல, டைப் 1ல அலுமினா கொஞ்சம் சேப்பாங்கன்னு. கால்சியம் குளுக்கோனேட் அந்த அலுமினியத்தப் பிடிச்சு இழுத்துரும். பெரியவங்களுக்கு எப்பவாவது ஒண்ணு போட்டா பெருசா ஒண்ணும் இல்ல, சிறுநீரகம் நல்லா இருந்தா வெளிய தள்ளிரும். ஆனா பச்சப்பிள்ளைக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களுக்கும் அலுமினியம் உடம்புல தங்கும், எலும்புக்கும் மூளைக்கும் கேடு. பிரிட்டன்ல மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எம்ஹெச்ஆர்ஏ 2010-லயே, சின்னக் கண்ணாடி ஆம்பூல்ல வர்ற கால்சியம் குளுக்கோனேட்ட 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களுக்கும் திரும்பத் திரும்பவோ தொடர்ச்சியாவோ போட வேணாம்னு சொல்லிருச்சு. பிளாஸ்டிக்ல அடைச்சது அந்த எடத்துக்குப் பொருத்தம். உங்க வார்டுல குழந்தைகளுக்கு எது வருதுன்னு ஒரு தடவ டாக்டர்கிட்டயும் ஃபார்மசியிலயும் கேட்டுக்கங்க, நீங்க கேட்டா நடக்கும்.

ஆம்பூல் ஒடைக்கிறதுல உங்க பயம் நியாயமானது, ஒடைக்கிறப்ப பொடி உள்ள விழத்தான் செய்யும். கழுத்துல ஒரு புள்ளி இருக்கிற ஆம்பூல்னா, புள்ளி உங்களப் பாத்து இருக்கட்டும், கட்டை விரல் புள்ளிப் பக்கம், அங்கிட்டு, அதாவது உங்களுக்கு எதிர்ப்பக்கமா ஒரே தடவையில ஒடைங்க. புள்ளிக்கு நேர் கீழ கீறல் போட்டிருப்பாங்க, அங்க இருந்துதான் சுத்தமாப் பிரியும். சுத்தி நிறவளையம் இருந்தா எந்தப் பக்கமும் ஒடைக்கலாம். தலைப்பக்கம் இருக்கிறத முதல்ல சுண்டி கீழ இறக்கிட்டு, ஆல்கஹால் வச்சுத் தொடச்சு, ஒடைச்ச ஒடனே உறிஞ்சாம ஒரு நிமிஷம் நிக்க விடுங்க, பொடி அடியில படியும், சிரிஞ்ச அடியில முட்ட விடாதீங்க. ஃபில்டர் ஊசி கிடைச்சா அது இன்னும் நல்லது, மருந்த உறிஞ்சுனதும் ஊசிய மாத்திட்டுப் போடுங்க.

நத்தம் ரோட்டுல இருந்து ஒரு சித்த வைத்தியர்: ஐயா, தைலம் காய்ச்சி இறக்கி, சூட்டோட பாட்டில்ல அடைச்சா பத்துக்கு ஒண்ணு ரெண்டு அடியோட கழண்டு விழுது. பாட்டில் மட்டமா?

பாட்டில் மட்டம்னு சொல்லிற முடியாதுங்கய்யா. சோடா லைம் கண்ணாடி சூட்டுல விரியிறது போரோசிலிகேட்ட விட ரெண்டு மடங்கு, சில வகையோட ஒப்பிட்டா மூணு மடங்கு கிட்ட. திடீர்னு நாப்பது டிகிரி கிட்ட வித்தியாசம் வந்தாலே சாதா பாட்டிலுக்கு ஆபத்து ஆரம்பிச்சுரும். நூறு டிகிரி தைலத்த மார்கழிக் காலையில குளுந்து கிடக்கிற பாட்டில்ல ஊத்துனா உள்பக்கம் விரியும், வெளிப்பக்கம் விரியாது, இழுபறியில அடி கழண்டுரும். அதுக்காக போரோசிலிகேட் வாங்காதீங்க, தைலத்துல தண்ணி இல்ல, டைப் 3 அதுக்கு எல்லா வகையிலயும் சரியான பாட்டில். தைலத்த அறுபது டிகிரி கிட்ட ஆற விடுங்க, பாட்டில வெந்நீர்ல கழுவி நல்லாக் காய வச்சு வெதுவெதுப்பா இருக்கிறப்பவே ஊத்துங்க, ஈரம் ஒரு சொட்டு கூட இருக்கக் கூடாது. கீழ சிமெண்ட் தரையில வைக்காம பலகையில வச்சு அடைங்க. ஒடைஞ்ச பாட்டிலோட தைலத்த வடிகட்டி திரும்ப அடைக்கிற வேலை மட்டும் வேணாங்கய்யா, மொத்தமாக் கொட்டிருங்க.

மாட்டுத்தாவணி பக்கம் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கிறவர்: அண்ணாச்சி, நெஞ்சு வலி வந்தா நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை சின்னக் கண்ணாடி பாட்டில்ல வருது. சில பேரு அதப் பிரிச்சு நாலு மாத்திரை பிளாஸ்டிக் கவர்ல கொடுங்கங்கிறாங்க. கொடுக்கலாமா?

கண்ணாடி பாட்டில்ல வர்ற கிளிசரில் டிரைநைட்ரேட்னா கொடுக்காதீங்க. அந்த மருந்து சாதா அறைச் சூட்டுலயே மெல்ல ஆவியாகும், அதோட பிளாஸ்டிக்குக்குள்ள போய் ஒட்டிக்கிரும். கவர்ல நாலு நாள் சட்டைப் பையில கிடந்தா மாத்திரை பாக்க மாத்திரையா இருக்கும், மருந்து இருக்காது. நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் அத எடுத்து வாயில போடுற நேரத்த நெனச்சுப் பாருங்க. கண்ணாடி பாட்டிலோட, இறுக்கமான மூடியோட முழுசாக் கொடுங்க. வாங்குறவங்கள மூடிய நல்லா இறுக்கச் சொல்லுங்க, உள்ள பஞ்சு வைக்க வேணாம்னு சொல்லுங்க, பஞ்சும் உறிஞ்சும்.

கே.கே. நகர் வாசகி: அரவிந்த்ல கண்ணு காமிச்சேன், சொட்டு மருந்து பிளாஸ்டிக் பாட்டில்லதான் கொடுத்தாங்க. எங்க அம்மா காலத்துல கண்ணாடி பாட்டிலும் ரப்பர் குமிழும் இருந்துச்சே, அது நல்லதில்லையா?

கண்ணாடிய அமுக்க முடியாதேம்மா. பாட்டில அமுக்குனா ஒரே அளவு சொட்டு ஒண்ணு ஒண்ணா விழணும், அதுக்கு மெல்லிசான பிளாஸ்டிக் வேணும். கண்ணாடி பாட்டில்ல டிராப்பர வெளிய எடுத்து, இமையில பட்டு, திரும்ப உள்ள விடுறப்ப கிருமியும் சேந்து உள்ள போகும், பிளாஸ்டிக்ல அந்த வாய்ப்பு கம்மி. 1976-ல டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினோரு படுக்கையோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது, 1992-ல அவங்களோட ஆரோலேப் வந்தப்புறம் கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ்ல இருந்து சொட்டு மருந்து வரைக்கும் நம்ம மதுரையிலயே தயாராகுது. பிளாஸ்டிக் வழியா ஈரமும் காத்தும் கொஞ்சம் போய் வரும், அதனால தெறந்த பாட்டில எத்தனை நாளைக்குள்ள முடிக்கணும்னு லேபிள்ல போட்டிருக்கிறத மீறாதீங்க, அதான் முக்கியம்.

வாடிப்பட்டி, பள்ளி ஆசிரியர்: ஐயா, போரோசிலிகேட்டா சாதா கண்ணாடியான்னு பிள்ளைகளுக்கு வகுப்புல காமிக்க சுலபமா ஏதாவது வழி இருக்கா? காலி வயால், பாட்டில் எல்லாம் பழைய பேப்பர்க் கடையில போடலாமா?

முதல்ல ரெண்டாவதுக்குச் சொல்லிறேன். ஊசி போட்ட வயாலும் ஆம்பூலும் ஆஸ்பத்திரிக் கழிவு, அது பழைய பேப்பர்க் கடைக்குப் போகவே கூடாது. இன்னொரு காரணமும் இருக்கு, போரோசிலிகேட்டுக்கு உருகுற சூடு வேற, அது சோடா லைம் ஒடசலோட கலந்து சூளைக்குப் போனா உருகாம கட்டியா நிக்கும், புதுப் பாட்டில்ல கல்லு மாதிரி தெரியும், அந்த எடத்துலதான் பாட்டில் வெடிக்கும். வீட்டு சிரப் பாட்டில மட்டும் லேபிளக் கிழிச்சுட்டுப் போடுங்க, கிழிக்காமப் போட்டா யாராவது கழுவித் திரும்ப அடைக்க நாமளே வழி பண்ணிக் குடுத்த மாதிரி ஆகிரும்.

இப்ப வகுப்புக்கு. ஒரு அகலமான கண்ணாடிப் பாத்திரத்துல நல்லெண்ணெய் ஊத்துங்க, எவ்வளவு தெளிவா கிடைக்குதோ அவ்வளவு தெளிவா, சூரியகாந்தி எண்ணெய்னா நிறம் கம்மி, இன்னும் நல்லாத் தெரியும். லேப்ல இருக்கிற சின்ன போரோசிலிகேட் பீக்கர மெதுவா உள்ள இறக்குங்க, உள்ளயும் எண்ணெய் நெறையட்டும். பீக்கர் காணாமப் போயிரும். அந்தக் கண்ணாடிக்கும் எண்ணெய்க்கும் ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட ஒண்ணு, 1.47, ஒளி வளையாம நேராப் போறதால விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, மேல அச்சடிச்ச எழுத்து மட்டும் எண்ணெயில மிதக்கும். அடுத்து சாதா கண்ணாடி டம்ளர இறக்குங்க, அது 1.52, விளிம்பு பளிச்சுன்னு தெரியும். மருந்து வயால் கண்ணாடி ரெண்டுக்கும் நடுவுல நிக்கும், முழுசா மறையாது, மங்கலாத் தெரியும், ஏன்னா அது பீக்கர் கண்ணாடிய விடக் கொஞ்சம் வேற கலவை. ஊசி போட்ட வயால எடுக்காதீங்க, பயன்படுத்தாத புதுசு ஏதாவது ஒரு ஃபார்மசி காலேஜ்ல கேட்டா கொடுப்பாங்க. இத வச்சு மருந்துக்குக் கண்ணாடி தேர்ந்தெடுத்துற முடியாது, அதுக்கு அந்த மெத்தில் ரெட் டெஸ்ட்தான். பீக்கர ஒரு பிள்ளைய விட்டே இறக்கச் சொல்லுங்க, கை எண்ணெயில வழுக்கும், கீழ துணி விரிச்சு வச்சுக்கங்க.